பச்சை விளக்கு பக்தர்

முன்னெச்சரிக்கைக்காரர்கள் என்றொரு இனம் உண்டு. முன்னெச்சரிக்கையைக் காசு கொடுத்து வாங்கி, மூலையில் வைத்து, அதன்மேல் துணி போர்த்திவிட்டு நிம்மதியாகத் தூங்கும் இனம். எங்கள் அலுவலக நெட்வொர்க்கைக் கவனிக்கும் 'பேக்கப்' சார் அதில் அசல் வித்து.

மாடிப்படிக்குக் கீழே ஓர் அலமாரி; அதற்குள் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் இணைப்பைப் பிரித்துத் தரும் ஸ்விட்ச். கரண்ட் போனாலும் அது ஓட வேண்டும் என்று ஆறு மாதம் கடிதம் எழுதி, மூன்று கூட்டங்களில் தொண்டை வறளப் பேசி, சார் ஒரு யுபிஎஸ் வாங்கி மாட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. கும்பிடாத குறை. கூடவே நிமிடத்துக்கொரு தரம் 'பீப்' என்றது.

"ஏன் சார் கத்துது?"

"உயிரோட இருக்கேன்னு சொல்லுது."

பிறகு ஒரு பொத்தானை அமுக்கி அந்த உயிரின் வாயையும் அடைத்தார்.

மெயினை அணைத்துச் சோதிக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். "ஓடிட்டு இருக்கறதை எதுக்குங்க நிறுத்திப் பார்க்கணும்? நின்னு போச்சுன்னா யாரு பதில் சொல்றது?" இதற்கு என்ன சொல்வீர்கள்? ஆனால் பதிவேட்டில் மாதம் தவறாமல் 'சோதித்தேன், நன்று' என்று எழுதுவார்.

கணக்குப் பிரிவு அக்காவின் பிள்ளைகள் அப்பாவோடு வேறு ஊரில் இருக்கிறார்கள். நான்கு வருடமாக அந்த ஊருக்கு மாற்றல் கேட்டவருக்கு ஒருவழியாக வீடியோ நேர்காணல் வந்தது, அலுவலக இணைப்பில் மட்டும். ஒரே இடம், போட்டிக்கு இன்னொருவர்.

"நடுவுல கரண்ட் போனா?"

"நான் எதுக்கும்மா இருக்கேன்? தைரியமா பேசுங்க."

நேர்காணலின் நடுவே, பதினொன்றேகாலுக்குக் கரண்ட் போனது. அக்காவின் லேப்டாப் பேட்டரியில் ஓடியது, இணைப்பு இல்லை. சார் ஓடிப்போய் யுபிஎஸ்ஸைத் திறந்தார். கம்பெனியிலிருந்து கடைக்கு அனுப்பும்போதே பாதுகாப்புக்காகக் கழற்றிவிட்ட பேட்டரி ஒயர், முனையில் பிளாஸ்டிக் மூடியோடு, அப்படியே கிடந்தது. இரண்டு வருடமாக யாரும் மாட்டவில்லை. அந்தப் பெட்டி கத்தியது இதற்குத்தான்.

நேர்காணல் நடத்தியவர்கள் அங்கே பத்து நிமிடம் பார்த்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அக்கா போனை எடுத்து, "இந்த வருஷமும் இல்லடா கண்ணா" என்றார்.

"நல்லவேளை, ஸ்விட்ச்சுக்கு ஒண்ணும் ஆகலை" என்றார் சார்.

சிரிக்கிறீர்களா? அந்தப் பதிவேட்டில் அவர் கையெழுத்துக்குக் கீழே, 'சரிபார்த்தேன்' என்று மாதாமாதம் இன்னொரு கையெழுத்தும் இருக்கிறது. அது என்னுடையது. நீங்கள் கடைசியாக எதில் பார்க்காமல் கையெழுத்துப் போட்டீர்கள்?