படகு எஞ்சினுக்கு ஊற்றிய ரோஸ் மருந்து

அன்புத் தம்பி திருமூர்த்திக்கு,

அமெரிக்கா, பார்சிப்பனியிலிருந்து அக்கா வசந்தாமணி எழுதிக்கொள்வது. இங்கே செழியன், மருமகள் கயல், பேத்தி வெண்பா, நான் எல்லோரும் சௌக்கியம். கயலின் அப்பா சேனாபதியும் சௌக்கியம்தான்; அவர் எப்படிச் சௌக்கியமாக இருக்கிறார் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. காங்கயத்தில் நீயும் உன் வீட்டாரும் சினை மாடும் நலமாக இருக்க வேண்டும். போன பொங்கலுக்கு நான் எழுதியதற்கு நீ இன்னும் பதில் போடவில்லை. அதை நான் மறக்கவில்லை. ஆனால் இன்றைக்கு இருக்கிற சந்தோஷத்தில் உன்னைத் திட்ட எனக்கு நேரமில்லை.

போனில் சொல்லலாம்தான். நீ ஸ்பீக்கரில் போட்டால் உன் தெருவே கேட்கும். இந்தப் பக்கம் சம்பந்தி அடுத்த அறையில் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிறார். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூருக்குப் பறக்கிற வேலுமணி கையில் கொடுத்தனுப்புகிறேன். உறையில் நான் ஒட்டிய டேப் பிரிந்திருந்தால் எனக்குத் தெரியப்படுத்து.

செழியன் மே மாதம் ஒரு பழைய மோட்டார் படகு வாங்கினான். வாங்கிய அன்றைக்கு நான் அவனைத் திட்டாத திட்டு இல்லை. கிணற்றுத் தண்ணீரை முறை வைத்து இறைத்த குடும்பத்துக்குப் படகு எதற்கு என்றேன். அடுத்த ஞாயிறு என்னை ஹோபட்காங் ஏரிக்குக் கூட்டிப் போய், நெஞ்சுக்கு மிதக்கிற ஆரஞ்சுச் சட்டை மாட்டி, முன் சீட்டில் உட்கார வைத்தான். தம்பி, அது கிளம்பியதும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா, இத்தனை நாள் இந்த ஊரில் நான் உயிரோடுதான் இருந்தேனா என்று தோன்றியது. வாரம் ஆறு நாள் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் கிடக்கிறவளுக்கு ஏழாவது நாள் முகத்தில் காற்று வந்து அடிக்கிறது, தண்ணீர் தெறிக்கிறது, வாத்து எல்லாம் வழி விடுகிறது. இருபத்திரண்டு ஞாயிறு போயிருக்கிறேன். நானே தூண்டில் போட்டு ஏழு மீன் பிடித்தேன். அதில் ஒன்று நழுவிவிட்டது. அதையும் நான் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன், ஏனென்றால் நழுவியது சேனாபதியின் கை பட்டு.

அவர் ஆகஸ்டில் வந்து சேர்ந்தார். எப்போதும் நான் ஊர் திரும்பிய பிறகுதான் அவர் வருவார். அப்படித்தான் செழியனும் கயலும் பதினொரு வருடம் இந்த வீட்டில் சமாதானத்தைக் காப்பாற்றினார்கள். இந்த முறை டிக்கெட் மலிவு என்று முன்னாலேயே வந்துவிட்டார். சம்பந்தியம்மா டெக்சாஸில் இளைய மகள் வீட்டில் இருக்கிறார். அந்த மகராசி தப்பித்தாள். வந்த முதல் ஞாயிறே முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "எஞ்சின் சத்தத்த நானு கவனிக்கோணுமுங்க, நீங்க பின்னால உக்காருங்க சம்பந்தி" என்றார். எஞ்சின் தொங்குவது படகின் பின்னால்! சத்தம் கேட்க முன்னால் எதற்கு உட்கார வேண்டும்? இவர் யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செழியன் கல்யாணத்தில், கோபி மண்டபத்தில், ஆவணி மாதம் வெள்ளிக்கிழமை, மாப்பிள்ளையின் தாய்மாமனான உன்னை முதல் பந்தியில் உட்கார்ந்த பிறகு எழுப்பி, "நீங்க அடுத்த பந்திக்கு வாங்க" என்று சொன்ன மனுஷன். நீ கட்டியிருந்த வேட்டிக்கரை பச்சை. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இங்கே வெள்ளிக்கிழமை ராத்திரியிலிருந்து தண்ணீர் உறையும் குளிர் என்று டிவியில் சொல்லிவிட்டார்கள். படகு எஞ்சினுக்குள் ஏரித் தண்ணீர் கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் அது உறைந்து உப்பி, இரும்பையே பிளந்துவிடுமாம். அதற்கு ஆன்டிஃப்ரீஸ் என்று ஒரு மருந்து ஊற்ற வேண்டும். செழியனோ ஆபீஸ் வேலையாக டல்லாஸ் போய்விட்டான். போனவன் அங்கிருந்து வீடியோவில் என்ன சொன்னான் தெரியுமா? "அம்மா, நீங்க ஒண்ணும் பண்ணிக்காதீங்க. மாமாவுக்கு எஞ்சின் தெரியும், அவுங்க பாத்துக்குவாங்க." கயல் பின்னாலிருந்து, "எஞ்சின் வெடிச்சா வெடிக்கட்டும். அடுத்த வாரமே படகை வித்துடலாம், வாசல் டிரைவ்வேல காரு நிறுத்த எடமாச்சும் ஆகும்" என்றாள். அவனும் சரி என்றான்! பெற்ற தாய் உட்காரும் முன் சீட்டு அது. அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன், இந்த எஞ்சினைப் பிழைக்க வைப்பது நான்தான் என்று.

செவ்வாய்க்கிழமை கயல் எங்கள் இரண்டு பேரையும் கடைக்குக் கூட்டிப் போனாள். ஒரு சுவர் முழுக்க மருந்து, தம்பி. பச்சை, ஆரஞ்சு, ரோஸ். சேனாபதி நேராகப் போய்ப் பச்சைக் கேனைத் தூக்கினார். "முப்பத்தோரு வருசம் டெப்போவுல நானு பாக்காத ரேடியேட்டருங்களா? இதையத்தான் ஊத்தோணும்." நான் ரோஸைத் தூக்கினேன். அதில் படகுப் படம் போட்டிருந்தது. இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவளுக்கும் படம் தெரியும். "பஸ்ஸுக்கு ஊத்துனா அது உள்ளயே சுத்தீட்டு கெடக்குமுங்க. படகு அப்படியா? ஏரித் தண்ணிய உறிஞ்சி ஏரியிலயே துப்புது. அடுத்த கோடையில இந்தப் பச்சை பூராவும் ஏரிக்குத்தான் போகும். அந்த மீனத்தான நாம கொழம்பு வெக்கறோம்?" என்றேன். கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சம்பந்தி, "நீங்க எத்தன எஞ்சின் பிரிச்சிருக்கறீங்க?" என்றார். "நீங்க எத்தன மீனு கழுவியிருக்கறீங்க?" என்றேன். கயல் தலையில் அடித்துக்கொண்டு இரண்டையும் கூடையில் போட்டாள். "வீட்ல போயி சண்டை போட்டுக்கோங்க. ஜெயிக்காததை நான் திருப்பிக் குடுத்துக்கறேன்."

வீட்டுக்கு வந்ததும் வெண்பாவை உட்கார வைத்துக் கேன்களைப் படிக்கச் சொன்னேன். பச்சையில், விழுங்கினால் உயிருக்கு ஆபத்து என்று போட்டிருந்தது. அப்படியானால் அது என் சமையலறை வாசலைத் தாண்டாது என்று சொல்லிவிட்டேன். ரோஸில் மைனஸ் ஐம்பது என்று பெரிய எழுத்தில் இருந்தது. சம்பந்தி சிரித்தார். "எழுத்துல என்ன வேணும்னாலும் போடுவானுங்க. ஃப்ரீசருல வெச்சுப் பாருங்க. உறைஞ்சா என்ற பச்சையத்தான் ஊத்தோணும். சம்மதமுங்களா?" சம்மதம் என்றேன். ரோஷத்தில் சொன்னதுதான்.

கராஜில் இருக்கும் பெரிய ஃப்ரீசரில் வைப்பதாகத்தான் அவரிடம் சொன்னேன். போய்த் திறந்தால் பரோட்டா பாக்கெட்டும் தேங்காய்த் துருவலும் அடைத்துக் கிடக்கிறது, கை நுழைய இடமில்லை. ஆகவே இந்த வீட்டில் எதற்கும் பயன்படுகிற பழைய தயிர் டப்பா இரண்டை எடுத்து, ஒன்றில் ஒப்பிட்டுப் பார்க்கப் பச்சைத் தண்ணீர், இன்னொன்றில் ரோஸ் மருந்து விளிம்பு வரை ஊற்றி, மூடி போட்டு, சமையலறை ஃப்ரீசரிலேயே வைத்துவிட்டேன். பச்சைத் தண்ணீர் என்றால் நம் குழாய்த் தண்ணீர், அவருடைய பச்சை இல்லை. கயலுக்கும் வெண்பாவுக்கும் சொல்லிவிட்டேன். இடம் மாற்றியதைச் சம்பந்திக்குச் சொல்லவில்லை. எதிர்க்கட்சிக்கு யாராவது எல்லாவற்றையும் சொல்வார்களா?

புதன் சாயங்காலம் எடுத்துப் பார்க்கிறேன், ரோஸ் மருந்து பனிக்கூழாகிக் கிடக்கிறது! மைனஸ் ஐம்பது என்றானே பாவி! படகு போச்சு, முன் சீட்டு போச்சு, இனி இந்த மனுஷன் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் காட்டுவார். அவசரமாக மூடி, கறிவேப்பிலைப் பொட்டலத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு, யோசிப்பதற்காகக் குளிக்கப் போனேன்.

இங்கே ஒரு விஷயம். சேனாபதிக்குச் சர்க்கரை. கயல் அவருக்குக் காப்பியே சீனி இல்லாமல்தான் தருகிறாள். ஆனால் வெண்பாவுக்கு என்று தயிர் டப்பாவில் செய்துவைக்கும் ரோஸ் மில்க் ஐஸை, தினம் வாக்கிங் முடிந்து வந்ததும் இவர் திருட்டுத்தனமாக இரண்டு ஸ்பூன் தின்பது எனக்குத் தெரியும். மூன்று வாரமாகத் தெரியும். ஒரு நாளைக்கு உதவும் என்று பத்திரமாக வைத்திருந்தேன். அந்த நாள் இப்படி வரும் என்று நினைக்கவில்லை.

நான் குளித்துவிட்டு வருகிறேன், சம்பந்தி ஃப்ரீசர் பக்கத்தில் ஒரு மாதிரி நிற்கிறார். உதடு ரோஸ் கலர். கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.

"ஏனுங்க சம்பந்தி, எதையத் தின்னீங்க?"

"ஒண்ணுமில்லீங்களே."

"வாயத் தொறங்க பாக்கலாம்."

"கயலு இன்னைக்கு ஐஸுக்குச் சீனியே போடலீங்களாட்டம் இருக்குது. ஒரு மாதிரி கசக்குது" என்றார் மெதுவாக.

தம்பி, பதினொரு வருடமாக நான் அவருக்கு என்னென்னவோ நினைத்திருக்கிறேன், ஆனால் இதை நினைக்கவில்லை. நான் போட்ட கூச்சலில் கயல் மாடியிலிருந்து பறந்து வந்தாள். விஷம் குடித்தவர்களுக்கு என்று இங்கே ஒரு போன் நம்பர் இருக்கிறது. அதில் ஒரு அம்மாள் எடுத்தாள். எத்தனை ஸ்பூன் என்று கேட்டாள். "ஒண்ணுங்க." கயல் முறைத்தாள். "ரெண்டு." நான் முறைத்தேன். "ஒரு மூணு இருக்குமுங்க." எடை எத்தனை என்று கேட்டாள். கயல் எண்பத்திரண்டு கிலோ என்றதும், சாகிற நேரத்திலும் அவர் எழுபத்தொன்பதுதான் என்று திருத்தினார். வெண்பா கேனைத் தூக்கிவந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். அந்த அம்மாள் கேட்டுவிட்டு, இந்த மருந்தில் மூன்று ஸ்பூனுக்கு ஒன்றும் ஆகாது, தண்ணீர் குடிக்கச் சொல்லிக் கவனித்துக்கொள்ளுங்கள், காருக்கு ஊற்றும் அந்தப் பச்சையாக இருந்தால் உடனே ஆம்புலன்ஸ் அனுப்பியிருப்பேன் என்றாளாம். கயல் அதைத் தமிழில் சொன்னபோது நான் சம்பந்தியைப் பார்த்தேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் கயல் பிடித்துக்கொண்டாள். "அப்பா, மருந்த விடுங்க. சுகர் மாத்திரை போட்டுட்டு தெனமும் ஐஸா?" விஷத்துக்கு விழாத திட்டெல்லாம் அதற்கு விழுந்தது. வெண்பா வேறு, "அப்புச்சி, தட் வாஸ் மை ஐஸ்க்ரீம்?" என்று அழ ஆரம்பித்தாள்.

இந்தக் கலவரத்தில்தான் நான் இரண்டு டப்பாவையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தண்ணீர் டப்பா உப்பி, மூடியைத் தள்ளிக்கொண்டு, பக்கவாட்டில் விரல் நீளத்துக்குப் பிளந்திருக்கிறது. ரோஸ் டப்பா சிரித்த முகமாக வைத்தது வைத்தபடி இருக்கிறது. கூழானால் என்ன? உப்பவில்லையே, பிளக்கவில்லையே! எஞ்சினுக்கு அதுதானே வேண்டும்! வெண்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேனின் சின்ன எழுத்தைப் படித்தாள். அதிலும் அதுவே இருந்தது. கூழாகும், குழாயை வெடிக்க விடாது. நான் சம்பந்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் டப்பாவை விரலால் தட்டிப் பார்த்து, "ஊத்திரலாமுங்க" என்றார்.

இன்று வியாழக்கிழமை மதியம் ஊற்றிவிட்டோம்! வாளியைப் படகின் மேல் வைத்து, அதிலிருந்து குழாய் இறக்கி, எஞ்சின் தண்ணீர் உறிஞ்சும் இரண்டு பக்கத்துக் காதுக்கும் ரப்பர் மூடியை அவர்தான் மாட்டினார். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம், கை சுத்தமான வேலைக்காரர். நான் கேனை வாளியில் சாய்த்தேன். எஞ்சின் இருமியது, உறுமியது, முதலில் அழுக்குத் தண்ணீர், அப்புறம் வெளுப்பாக, அப்புறம் பீய்ச்சியடித்தது பார் ரோஸ் கலரில்! நான் கைதட்டிவிட்டேன். அவரும் தட்டினார், உடனே நிறுத்திக்கொண்டார். படகு பிழைத்தது. செழியனிடம் வீடியோவில் காட்டினேன். "அம்மா, நீங்கதான் எஞ்சின் டாக்டர்" என்றான். முன் சீட்டு எனக்கு என்று அவன் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டேன். சேனாபதி காதில் விழுகிற மாதிரி இரண்டு தடவை.

உனக்கும் வீட்டாருக்கும் என் ஆசி. மாடு நல்லபடியாக ஈனட்டும். கிடாரிக் கன்றாக இருந்தால் என் பெயரை வை. சேனாபதி ஊர் திரும்பி உன்னை எங்காவது பார்த்தால், ஐஸ் சாப்பிடுகிறீர்களா என்று மட்டும் கேள்.

இப்படிக்கு,
உன் அக்கா
வசந்தாமணி

பின்குறிப்பு: இன்று சனிக்கிழமை. மேலே எழுதியதை யாருக்கும் படித்துக் காட்டாதே. நேற்று மதியம் வீட்டில் நானும் சம்பந்தியும் மட்டும் இருந்தபோது பக்கத்து வீட்டு வால்ட்டர் வந்தார். நாற்பது வருடம் படகு வைத்திருந்தவர். டிரைவ்வேயில் ரோஸ் கறையைப் பார்த்து என்னவென்று கேட்டார். சம்பந்தி டெப்போ இங்கிலீஷில் பெருமையாகச் சொன்னார். வால்ட்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். படகின் வயிற்றுக்குள் உட்கார்ந்திருக்கும் எஞ்சினுக்குத்தான் இந்த மருந்தாம். பின்னால் தொங்குகிற நம் எஞ்சினை நேராக நிறுத்திவைத்தால் தண்ணீர் எல்லாம் தானாகவே வடிந்துவிடுமாம். பச்சையும் வேண்டாம், ரோஸும் வேண்டாம். சிரித்துக்கொண்டே கிளம்பிப் போனார். அப்புறம் நான்தான், "இது நமக்குள்ளயே இருக்கட்டுமுங்க சம்பந்தி" என்றேன். "இருக்கட்டுமுங்க" என்றார். குழாய் பிடித்துக் கறையைக் கழுவினோம். முன் சீட்டு போகும்போது எனக்கு, திரும்பும்போது அவருக்கு என்று முடிவாகிவிட்டது. கழுவி முடித்ததும் அவராகவே சொன்னார்: "அன்னைக்கு உங்க தம்பிய எழுப்புனது, மொதப் பந்திச் சோறு வேகலீங்க. மாப்பிள்ளையோட தாய்மாமனுக்கு அரைவேக்காடா போடறது?" பதினொரு வருடம் இதைச் சொல்லாமல் இருந்திருக்கிறார், தம்பி, அவர்கள் வீட்டுச் சமையலுக்குக் கெட்ட பேர் வந்துவிடும் என்று. பாதி நம்புகிறேன். மீதிப் பாதி உன் கையில் இருக்கிறது. இந்தக் கடிதத்துக்காவது பதில் போடு: இரண்டாம் பந்தியில் நீ சாப்பிட்ட சோறு வெந்திருந்ததா?