கண்ணாடிக்கடைக்காரரின் காது

இசைத்தட்டு சுழன்றது. பாட்டு வரவில்லை. கண்ணாடிக்கடைக்காரர் குனிந்து பார்த்தார். ஊசியின் முனையைக் காணோம்.

மனைவியின் தம்பி வர இன்னும் பத்து நிமிடம்தான் இருந்தது. போன் பாட்டைவிட இசைத்தட்டுப் பாட்டு உசத்தி என்று அவன் வாயால் சொல்லிவிட்டால், தட்டு அலமாரி கூடத்திலேயே இருக்கலாம். இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு மகளின் படிப்பு மேஜை வந்துவிடும். இது மனைவியின் தீர்ப்பு. அலமாரியில் நானூறு தட்டுகள். ஒன்றைக்கூடப் பிரிய அவருக்கு மனமில்லை.

ஊராருக்கெல்லாம் கண்ணைச் சோதிக்கிறவர்தான். ஆனால் பெருமையெல்லாம் தன் காதைப் பற்றி. காலையில் அவர் குளிக்கப் போனதும் மனைவி தட்டைச் சுழலவிட்டுவிட வேண்டும். தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, "இந்த உயிர் போன்ல வருமா?" என்று உருகுவார். ஒருநாள்கூடத் தவறியதில்லை.

இன்றைக்குத்தான் பந்தயத்துக்காகத் தானே கை வைத்தார். துடைக்கிறேன் பேர்வழி என்று ஊசியையும் ஒரு தேய் தேய்த்தார். அதில்தான் போயிருக்கும் என்று தலையில் அடித்துக்கொண்டார்.

வேறு வழி தெரியவில்லை. ஸ்பீக்கரில் தன் போனை இணைத்தார். அதே பாட்டைத் தேடி ஓடவிட்டு, போனை அலமாரிக்குப் பின்னால் செருகினார். தட்டு பேருக்குச் சுழன்றது.

மச்சினன் வந்து கண்ணை மூடிக் கேட்டான். "மாமா, நெஜமாவே வேற மாதிரிதான் இருக்கு!"

"நான் சொன்னேன்ல, மாப்ள?"

பாட்டு பட்டென்று நின்றது. "தீராத முழங்கால் வலியா? இன்றே அழையுங்கள்!" என்றது ஸ்பீக்கர்.

"என்ன மாமா, தட்டுல விளம்பரம்?"

"அந்தக் காலத்துலயே போடுவாங்க மாப்ள. அப்பவும் முழங்கால் இருந்துச்சே!"

அடுத்த நொடி அலமாரி அலறியது. கடைப்பையன் கூப்பிடுகிறான். மச்சினன் பின்னால் கைவிட்டுப் போனை உருவினான்.

"இவ்ளோ நேரம் பாடினது இதுவா?"

கண்ணாடிக்கடைக்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. "இன்னிக்குக் காலைல ஊசி உடைஞ்சிடுச்சு, மாப்ள. நேத்து வந்திருந்தா நீயே கேட்டிருப்ப. என்ன உயிர்! என்ன குழைவு! வேணும்னா உங்க அக்காவையே கேளு."

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிரவே இல்லை.

"ஊசி உடைஞ்சு எட்டு மாசம் ஆச்சுங்க. தெனமும் நீங்க உருகினது என் போனுக்குத்தான்."