மூன்று சொல்லாத ஒன் டூ

ரங்கூனில் ஒன் டூவைப் போலப் பயந்த மனிதர் இன்னொருவர் பிறக்கவில்லை. பிறந்திருந்தாலும் ஊரை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போயிருப்பார். இடி இடித்தால் அவருக்குப் பயம். இடிக்காவிட்டால், இனிமேல் இடிக்குமே என்று பயம். கரன்ட் போனால் பயம். வந்துவிட்டால், எப்போது போகுமோ என்று அதைவிடப் பயம். இப்படிப்பட்டவர் போயும் போயும் பிழைப்புக்கு எடுத்துக்கொண்டது, ஊரே கூடும் இடத்தில் மைக் செட் போடுகிற தொழிலை.

லான்மடா வட்டாரத்தில் எங்கள் தெருக்கோடியில் அவர் கடை. என் துணிக்கடைக்கு நேர் எதிரே. பெற்றவர்கள் வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். எங்களில் யாருக்கும் அது தெரியாது. சிறுசுகளுக்கு அவர் 'ஊ ஒன் டூ', எனக்கு 'கோ ஒன் டூ'. பெரியவருக்கு ஊ, அண்ணனுக்குக் கோ, அக்காளுக்கு மா என்று பர்மியர்கள் போடும் மரியாதையை நாங்களும் பட்டப்பெயருக்குக்கூட விடாமல் போட்டுவிடுவோம். மைக்கைக் கையில் எடுத்தால் "மைக் டெஸ்டிங்... ஒன்... டூ..." என்பார். அதோடு சரி. வர இருந்த தும்மல் நின்றுபோன மாதிரி நின்றுவிடும். கேட்கிற நமக்குத்தான் மூக்கு நமைக்கும்.

எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம். கேட்டேவிட்டேன்.

"ஏன் கோ ஒன் டூ, த்ரீ சொன்னா அது தனியா வாடகை கேக்குதா?"

"உங்களுக்கு எல்லாம் விளையாட்டு, மா தனம். ஒன்னு, பேசுறவன். ரெண்டு, கேக்குறவன். மூணாவது யாரு? நடுவுல பூந்து கொழப்புறவன். அவன நாமளே பேர் சொல்லிக் கூப்பிடுவானேன்?"

அவர் ஆதியில் வயர் மைக்தான் வைத்திருந்தார். ஒரு கல்யாணத்தில் மணமக்கள் அக்கினியை வலம் வந்தபோது, வாழ்த்துச் சொல்ல மைக்கை நீட்டிக்கொண்டே இவரும் பின்னால் போயிருக்கிறார். மூன்றாவது சுற்று முடிந்தபோது மாப்பிள்ளை, பெண், ஐயர், ஒரு குத்துவிளக்கு எல்லாம் ஒரே கட்டாகக் கட்டப்பட்டிருந்தன. மாப்பிள்ளை விழுந்தார். ஐயர் மாப்பிள்ளை மேல் விழுந்தார். "இனிமே வயரத் தொட்டா என் கை விளங்காது" என்று ஒன் டூ அங்கேயே கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார். பிறகு, கப்பலில் வேலை பார்த்த ஒருவர் மூலம் வயர் இல்லாத மைக் ஒன்று வாங்கினார். அதைக் கைக்குழந்தையைப் போல டவலில் சுற்றித்தான் எடுத்துவருவார்.

அந்த மைக்கை நம்பித்தான் என் அண்ணன் மகள் செல்வியின் கல்யாணத்தை எங்கள் தெருவிலேயே பந்தல் போட்டு வைத்துக்கொண்டோம்.

அண்ணனுக்குப் பக்கவாதம். வலது கை, வலது கால் இரண்டும் போய்விட்டன, பேச்சும் குழறும். இருப்பதோ நாலாம் மாடி. எங்கள் பக்கத்துப் பழைய கட்டிடங்களில் லிஃப்ட் கிடையாது. படிக்கட்டு ஏணிக்குத் தம்பி. அண்ணன் தெருவில் கால் வைத்து வெகுகாலம் ஆகிறது. அவருக்கு உலகம் வருவதெல்லாம் கயிற்று வழியாகத்தான். இங்கே ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெரு வரைக்கும் ஒரு கயிறு தொங்கும், நுனியில் ஒரு கிளிப்பு. கீழே இருப்பவர் இழுத்தால் மேலே மணி அடிக்கும். பேப்பரோ டீ பொட்டலமோ கிளிப்பில் மாட்டிவிட்டால் மேலே இழுத்துக்கொள்வார்கள்.

நாற்காலியில் வைத்துத் தூக்கி வருகிறோம் என்று நாலு பையன்கள் போய்ச் சொன்னார்கள். அண்ணன் முறைத்தார்.

"நாலு பேரு தூக்குறது ஒரு தடவதான்டா. அத எம் மவ கல்யாணத்தன்னிக்கா வச்சுக்கச் சொல்றீங்க?"

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "தனம், மேல இருந்து பாத்தா எனக்குப் பந்தல் தகரந்தான் தெரியும். பரவால்ல. தாலி கட்டுறப்ப நான் ரெண்டு வார்த்த சொல்லணும். அது அவ காதுல விழணும். வேற ஒன்னும் வேணாம்."

வயர் இல்லாத மைக்கை மேலே கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். "அது என் பொறுப்பு" என்று ஒன் டூவும் நெஞ்சில் கை வைத்தார். அந்த வாரமே சேதி வந்தது.

சேதி இதுதான். காற்றில் அலைவரிசை என்று இருக்கிறதாம். அதையும் மனை பிரிப்பது போலப் பிரித்து, ஆளுக்கு ஒரு துண்டு கொடுப்பார்களாம். இத்தனை நாள் மைக்குகள் குடியிருந்த துண்டைக் கைப்பேசிக்காரர்களுக்குக் கொடுத்தாகிவிட்டது. நடைபாதைக் கடைகளைக் கிளப்புவது போல மைக்குகள் எல்லாம் இடத்தைக் காலி செய்ய வேண்டும். ஒன் டூ பேட்டரியைக் கழற்றி, அடியில் ஒட்டியிருந்த எண்ணைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அது கைப்பேசிக்காரர்கள் துண்டின் நட்ட நடுவில் மாட்டியிருந்தது. போதாக்குறைக்கு எதிர்மாடி உச்சியில் புதிதாக ஒரு கைப்பேசிக் கோபுரமும் முளைத்திருந்தது.

"அலைவரிசை ஆபீசுல போய் விசாரிக்கறதுதானே?" என்றேன்.

"போனேம்மா. வாசல் வரைக்கும் போனேன். அங்க வெத்தல விக்கிற ஆளுகிட்ட விசாரிச்சேன். எழுதிக் குடுத்து அனுமதி வாங்கணும்ங்கிறான். அவன் பொண்டாட்டி, கொண்டுபோய் ஒப்படைக்கணும்ங்கிறா. வெத்தல வாங்க வந்தவன், சின்ன மைக்குக்கெல்லாம் ஒன்னும் இல்லங்கிறான்."

"உள்ள போய்க் கேக்க வேண்டியதுதானே!"

"கேட்டா, 'ஒன்கிட்ட இருக்கா'ன்னு திருப்பிக் கேப்பாங்களே!"

அவர் சொன்னதிலும் தப்பில்லை. இந்த ஊரில் காலம் இருக்கிற இருப்பில், கையில் இருப்பது என்ன, அதற்குச் சீட்டு இருக்கிறதா என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல நாக்கு வராது. ஆனால் அண்ணனிடம் போய் என்னவென்று சொல்வேன்?

சட்டத்தைப் படிக்கவேண்டிய நேரத்தில் ஒன் டூ கிரகத்தைப் படிக்கப் போனார். பர்மிய ஜோசியர் ஒருவர், "எந்தக் கிழமை பிறந்தது?" என்று கேட்டிருக்கிறார். "செவ்வாக்கிழம வாங்கினேன்" என்றாராம் இவர். பர்மியக் கணக்கில் கிழமைக்கு ஒரு மிருகம். செவ்வாய்க்குச் சிங்கம், புத்தர் கோயிலான பகோடாவில் தென்கிழக்கு மூலையில் இருக்கிற சிங்கத்துக்கு, வயதுக்கு ஒரு குவளை, கூட ஒன்று எனத் தண்ணீர் ஊற்றினால் தோஷம் கழியும். பக்திசிரத்தையாக ஊற்றினார். தோஷமுள்ளவரும் கூட இருக்கவேண்டும் என்று மைக்கைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டே ஊற்றியிருக்கிறார். அது நனைந்துபோய் இரண்டு நாள் இருமியது. நம் பக்கமும் விட்டுப்போகக் கூடாதென்று, மைக்கின் சத்தத்தைப் பிடிக்கிற பெட்டியின் ஆன்டெனாவில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார்.

கல்யாணத்தன்று காலை. பந்தல் நிறைந்துவிட்டது. இன்சீனிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிவிட்டார்கள். "மைக் டெஸ்டிங்... ஒன்..." என்றார் ஒன் டூ. ஸ்பீக்கரில் கர்ரென்று ஒரு இரைச்சல். "டூ..." அதைவிடப் பெரிய கர்ர். எதிர்மாடிக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார், முகம் வெளுத்துவிட்டது. அதே நேரம் பந்தல் வாசலில் சீருடை போட்ட ஒரு ஆள் நுழைந்தார். தொப்பி, பெல்ட், பூட்ஸ்.

ஒன் டூ மைக்கைக் கைலி மடிப்புக்குள் செருகிக்கொண்டார். அணைக்க மறந்துவிட்டார்.

இரைச்சலுக்கு நடுவே நாலு ஸ்பீக்கரிலும் தெரு முழுக்கக் கேட்டது: "முருகா... முருகா... எங்கிட்ட மைக்கே இல்லப்பா... நான் வாழமரம் கட்ட வந்தவன்... முருகா, அவன அந்தப் பக்கம் திருப்பு..." நாயனக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார். ஒன் டூவின் வயிறு கடமுடவென்று உருண்டதும் தெளிவாகக் கேட்டது.

சீருடைக்காரர் நேராக அவரிடம்தான் வந்தார். "ஏங்க, கை எங்க கழுவுறது?"

மாப்பிள்ளையின் தாய்மாமன். ஒரு பாங்கில் காவல் வேலை. இரவு வேலை முடித்து அப்படியே வந்திருக்கிறார்.

பந்தலே குலுங்கிச் சிரித்தது. என்னால் சிரிக்க முடியவில்லை. ஏனென்றால் ஒன் டூ மைக்கைப் பிரித்து, பேட்டரியை உருவித் தனியாகப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன செய்றீங்க? முகூர்த்தம் வருது! அண்ணன் காத்துக்கிட்டு இருக்காரு!"

"முடியாது, மா தனம். இன்னிக்கு வந்தது மாமன். அடுத்தாப்புல வர்றது யாரோ? என்ன மட்டும் பிடிச்சா போறேன். பந்தல் உங்களோடது. பொண்ணு மாப்பிள்ளையில்ல பதில் சொல்லணும்? கல்யாணத்தன்னிக்கு அந்தப் புள்ளைய நிக்கவச்சுக் கேள்வி கேட்டா நான் என்ன பண்ணுவேன்?"

திட்ட வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். இந்த மனிதர் தமக்காகப் பயந்ததை மட்டும்தான் இத்தனை வருடமாக நான் கேலி செய்துகொண்டிருந்தேன்.

மேலே மணி அடித்தது. அண்ணன்தான். இடது கையால் கயிற்றை உலுக்கிக்கொண்டிருந்தார். பந்தல் ஓரத்தில் கிளிப்பு மேலும் கீழுமாகக் குதித்தது. நாயனக்காரர் என்னைப் பார்த்தார். செல்வி தலையைக் குனிந்தபடியே கடைக்கண்ணால் என்னைப் பார்த்தாள்.

ஒன் டூ கிளிப்பைப் பார்த்தார். பிறகு தன் பெட்டியைத் திறந்து, துணியையெல்லாம் விலக்கி, அடியிலிருந்து சுருள் சுருளாகப் பழைய வயரை எடுத்தார்.

"தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணினீங்க?"

"தொடத்தான் மாட்டேன்னேன். எல்லாக் கல்யாணத்துக்கும் கொண்டுக்கிட்டுத்தான் வருவேன். பயந்தாம்மா!"

கிளிப்பில் வயர் மைக்கை மாட்டிக் கயிற்றை இழுத்தார். மேலே மணி. மைக் அசைந்து அசைந்து ஏறியது. முதல் மாடிக் கைப்பிடியில் இடித்து 'டொம்' என்றது. இரண்டாம் மாடியில் காயப்போட்ட ஈரத் துணிக்குள் புகுந்து சரசரத்தது. மூன்றாம் மாடியில் ஏதோ ஒரு பூந்தொட்டியில் சிக்கி நின்றேவிட்டது. தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தது. அண்ணன் ஒரு சுண்டு சுண்டினார். விடுபட்டது. கீழே ஒன் டூ வயரைத் தோளில் போட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கம்பம் மாதிரி நின்றார். "யாரும் நடக்காதீங்க! ஐயரே, காலை மடக்குங்க!" என்று கத்தினார்.

அவரிடம் இன்னொரு வயர் மைக் இருந்தது. அதை வாயருகே கொண்டுபோனார்.

"மைக் டெஸ்டிங்... ஒன்... டூ..."

நிறுத்திவிட்டார். சத்தமே இல்லை. ஐயோ, மேலே போன மைக் வேலை செய்யவில்லையா என்று எனக்கு உயிரே போய்விட்டது.

அப்போது ஸ்பீக்கரில், குழறலாக, மெதுவாக ஒரு குரல் வந்தது.

"த்... த்ரீ."

செல்வி தலையைத் தூக்கித் தகரத்தைப் பார்த்தாள்.

"செல்வி... அப்பா இங்கதான்மா இருக்கேன். மேல பாக்காத, நேரா பாரு... ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்."

கெட்டிமேளம் முழங்கியது. தாலி ஏறியது. ஒன் டூ அதைப் பார்க்கவில்லை. கண்ணைத் துடைக்கக் கையை எடுத்தால் வயர் நழுவிவிடுமே என்று, அழுதுகொண்டே அண்ணாந்து நின்றுகொண்டிருந்தார்.

அந்த வயரில்லா மைக் இப்போது மஞ்சள் துணியில் சுற்றி, எலுமிச்சம்பழத்தோடு அவர் வீட்டுச் சாமி மாடத்தில் இருக்கிறது. இன்றுவரைக்கும் யாரும் வந்து அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஏன் இன்னும் கேட்கவில்லை என்பதுதான் இப்போது அவருடைய பயம்.

தெருவில் எந்த விசேஷமானாலும் பழையபடி வயர் இழுக்கிறார். "ஒன்... டூ..." என்று நிறுத்திவிட்டு நாலாம் மாடியை அண்ணாந்து பார்ப்பார். அண்ணன் பால்கனியில் இருந்தால் அங்கிருந்து "த்ரீ" இறங்கி வரும். அண்ணன் அசந்து உள்ளே படுத்துவிட்ட நாளில் வராது. ஒன் டூ மைக்கைப் பிடித்துக்கொண்டு மேலேயே பார்த்தபடி நிற்பார். அவர் அப்படி நிற்பதை என்னால் தாங்க முடியாது. கடையை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவந்து நான்தான் கத்துவேன்: "த்ரீ, கோ ஒன் டூ! த்ரீ!"