கத்திரிச் செடிக்கடியில ஒரு செய்வினை

சாம்பாருக்குக் கத்திரிக்கா பறிச்சிக்கினு வரணும். காலையில எனக்கு இருந்த வேலை அவ்ளோதான்.

தோட்டம் வூட்டுக்குப் பின்னாடியே கீது. கதவைத் தொறந்தா கத்திரிச் செடி. பருப்பு வேவுறதுக்குள்ள போயிட்டு வந்துடலாம். எங்க மாமியார் கூடையைக் கையில குடுத்து, "தேவி, பிஞ்சா பாத்துப் பறி. சுதாவுக்கு முத்துனது புடிக்காது"ன்னாங்க.

சுதா என் நாத்தனார். பெங்களூர்ல குடித்தனம். வளைகாப்பு முடிஞ்சி பிரசவத்துக்கு எங்கூட்டுக்கு வந்துகீறா.

இங்க ஒரு ரகசியத்தைச் சொல்லிடறேன். நான் அவ கொழந்தைக்கு ஸ்வெட்டர் பின்னிக்கினு கீறேன். யூடியூப்ல பாத்துதான். உத்திரமேரூர் வெயில்ல ஸ்வெட்டரான்னு சிரிக்காதீங்க. கொழந்தை போய் இருக்கப் போறது பெங்களூர் குளுருல.

இதுல இன்னா ரகசியம்னு கேப்பீங்க. எங்கூட்ல கொழந்தை பொறக்குறதுக்கு முன்னாடி அதுக்குன்னு புதுசா ஒரு கைக்குட்டைகூட வாங்கக் கூடாது, தோஷமாம். பொறந்ததும் சுத்துறது பழைய வேட்டித் துணி. சட்டையா? பொறந்தப்புறம். தொட்டிலா? பொறந்தப்புறம். மீறி யாராவது வாங்கினா அவ்ளோதான், அத்தை அந்தப் பக்கம் திரும்பிகூடப் பாக்க மாட்டாங்க.

ஆனா பொறந்தப்புறம் நான் ஆரம்பிச்சா, என் வேகத்துக்கு அந்தக் கொழந்தை ஸ்கூலுக்குப் போறப்பதான் ஒரு கை முடியும். அதான் திருட்டுத்தனமா ஆரம்பிச்சிட்டேன்.

வூட்ல ஒளிக்க எடம் இல்ல. பீரோவைப் பசங்க கொடைவாங்க. அரிசி டின்னை அத்தை கொடைவாங்க. பரண்ல எலி. மிச்சம் இருந்தது தோட்டம்தான். அவரைப் பந்தலுக்கு அடியில ஒரு ஒடைஞ்ச சட்டியைக் கவுத்து வெச்சி, அதுக்குள்ள நூலையும் ஊசியையும் வெச்சிருந்தேன். "தண்ணி ஊத்திட்டு வர்றேன் அத்தை", "புழு எடுத்துட்டு வர்றேன் அத்தை"ன்னு போய் உக்காந்து பின்னுவேன்.

அத்தை தெரு பூரா பெருமை. "எம்மருமவ செடிங்ககூடவே கெடக்கிறா. அப்டி ஒரு ஆசை!"

தோட்டத்துக்கும் யூடியூப்தான் வாத்தியார். முட்டை ஓடு போட்டா செடிக்கு நல்லதுன்னாங்க, போட்டேன். சீப்புல வர்ற தலைமுடியை வேர்ல போடுன்னாங்க, போட்டேன். சாம்பல் தூவுனா பூச்சி அண்டாதுன்னாங்க, அள்ளி அள்ளித் தூவுனேன். எல்லாம் அந்தக் கத்திரிச் செடிக்குதான்.

இதை ஞாபகம் வெச்சிக்கோங்க.

கூடையோட போனேனா, கத்திரிக்காயைப் பறிச்சிக்கினு நேரா வந்திருக்கலாம். ஒரே ஒரு வரிசை பின்னிட்டுப் பறிக்கலாம்னு தோணுச்சி. சட்டியைத் தூக்கி நூலை எடுத்து, கத்திரிச் செடி பக்கத்துலயே உக்காந்துட்டேன்.

பாதி வரிசை போறதுக்குள்ள உள்ளேருந்து பையன் கத்துறான். "எம்மோவ்! வேன் வந்துடுச்சி! என் ஷூவு ஒன்னு காணோம்!"

ஓட வேண்டியதாப் போச்சி. சட்டிக்குள்ள வெக்க நேரம் இல்ல. நூலுருண்டையில ரெண்டு ஊசியையும் குறுக்கால குத்தி, செடிக்கடியில தள்ளிட்டு ஓடினேன். ஷூ ஃபிரிட்ஜுக்கு மேல கீது. எப்படிப் போச்சின்னு அவனுக்கும் தெரியல. அவனை வேன்ல ஏத்தி, பொண்ணுக்குப் பின்னல் போட்டு அவளையும் அனுப்பிட்டு, வெறுங்கூடையோட சமையக்கட்டுக்குள்ள போய் நின்னேன்.

"எங்க கத்திரிக்கா?"

"ஐயய்யே, மறந்துட்டேன் அத்தை."

"குடு இப்டி, நானே போறேன். உன்ன நம்புனா பருப்பு கரியாப் பூடும்."

கூடையைப் புடுங்கிக்கினு போயிட்டாங்க. நான் "அத்தை, அத்தை"ன்னு பின்னாடியே ஓடுறேன். அதுக்குள்ள ஒரு அலறல்!

"ஐயோ, எஞ்சாமீ!"

அவங்க பார்வையில பாருங்க. எலுமிச்சம்பழக் கலர்ல ஒரு உருண்டை. அதுல குறுக்கால குத்தின ரெண்டு ஊசி. சுத்தி சாம்பல். முட்டை ஓடு. கொத்தா தலைமுடி. பக்கத்துல கொழந்தை ஒடம்பு அளவுக்கு நூல்ல பின்னின ஏதோ ஒன்னு.

தனித்தனியா பாத்தா தோட்டவேலை. மொத்தமா பாத்தா செய்வினை.

சத்தம் கேட்டு சுதா வாசப்படிக்கு வந்துட்டா. "வராத! கால வெக்காத! உள்ள போடி!"ன்னு அத்தை கத்துறாங்க. "மாசமா கீற பொண்ணு வூட்ல கொண்டாந்து வெச்சிகீறாளே, அவ வெளங்குவாளா?"

"யாரு அத்தை?"

"வேற யாரு? அந்தப் பரங்கிக்காகாரிதான்!"

பக்கத்து வூட்டு கஸ்தூரி அக்காவைச் சொல்றாங்க. அவங்க வூட்டுப் பரங்கிக்கொடி வேலி தாண்டி எங்க பக்கம் வந்து காய்ச்சிது. எங்க பக்கம் காய்ச்சா எங்களுதுன்னு அத்தை அறுத்து வறுவல் பண்ணிட்டாங்க. வாசனை வேலி தாண்டிப் போச்சி. அன்னையிலேருந்து ரெண்டு வூட்டுக்கும் பேச்சு கெடையாது.

சொல்லிடலாம்னு வாயைத் தொறந்தேன். "அத்தை, அது வந்து..."

"நீ பேசாத. பயந்துகீற நீ. மூஞ்சைப் பாரு, சுண்ணாம்பாட்டம் வெளுத்துகீது."

அது உண்மைதான். ஆனா எதுக்கு வெளுத்துச்சின்னு அவங்களுக்குத் தெரியாது.

ஓரமா போய் எங்கூட்டுக்காரருக்கு மெசேஜ் போட்டேன். "என் ஸ்வெட்டரை உங்கம்மா செய்வினைன்னு நெனைச்சிக்கினு கீறாங்க. இன்னா பண்றது?" ஒரகடத்துல கம்பெனி ஷிஃப்ட்ல கீற மனுசன் ஒடனே பதில் போட்டாரு. ஒரு கட்டைவிரல். அவ்ளோதான். இந்த ஆளுக்குக் கழுத்தை நீட்டுனேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!

அதுக்குள்ள அத்தை தெருக்கோடி அம்மன் கோயில் பூசாரியைக் கூட்டிக்கினு வந்துட்டாங்க. கையில விபூதி, கற்பூரம், வேப்பிலைக் கொத்து. மனுசன் கிட்டவே வரலை. "ஒரு குச்சி குடுங்க"ன்னு வாங்கி, தூரமா நின்னு என் ஸ்வெட்டரைத் தூக்கினாரு.

"யம்மா! இது சாதாரண வேலை இல்ல."

"நம்ம ஊர்ல பண்ணதா பூசாரி?"

"நம்ம பக்கம் எவனுக்கும் இது வராதும்மா. இது மலையாளத்து வேலை."

நான் பாத்த வீடியோ இந்தி. ஆனா யார்கிட்ட சொல்றது?

"எத்தினி முடிச்சு பாருங்க! ஒன்னு இறுக்கமா கீது, ஒன்னு தொங்குது. ஒரு வரிசை நேரா கீதா? போட்டவ மனசுல அவ்ளோ வெறி!"

வெறி இல்லீங்க. அந்த வரிசை போடும்போது பையனுக்குப் பெருக்கல் கணக்கு சொல்லிக்கினு இருந்தேன்.

"இதோ பாருங்க, இங்க ஒரு பெரிய ஓட்டை. கெட்டது உள்ள பூந்து வர்றதுக்கு வழி வுட்டுகீறா."

அது அடுப்புல பால் பொங்குனப்ப வுட்டுப்போன கண்ணி.

எனக்கு ஆத்திரம் வந்துடுச்சி. மாட்டிக்குவோம்னு பயம் ஒரு பக்கம். ஆனா ரெண்டு மாசமா கழுத்து வலிக்க வலிக்கப் பின்னுனதை இந்த மனுசன் குச்சியில தூக்கிக்கினு இப்டிப் பேசுறாரே! வாய் சும்மா இருக்கல.

"பாக்க அழகாத்தானே கீது?"ன்னுட்டேன்.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க.

"அதான் மயக்கு!"ன்னாரு பூசாரி. "பாருங்க, சின்னப் பொண்ணை அதுக்குள்ள மயக்கிடுச்சி." சொல்லிட்டு வேப்பிலையால என் தலையில ரெண்டு போட்டாரு.

அப்புறம் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாரு. "இதைக் கற்பூரம் போட்டு இங்கியே கொளுத்திடணும்."

போச்சிடா! அத்தனையும் நூலு. தீக்குச்சி பட்டா கப்புனு புடிச்சிக்கும்.

சரி, ஸ்வெட்டர் போனா போவுது, வேற பின்னிக்கலாம், விஷயம் இதோட முடியட்டும்னு மனசைத் தேத்திக்கினேன். அப்பதான் வேலிக்கு அந்தப் பக்கம் கஸ்தூரி அக்கா வந்து நின்னாங்க. பேசுனதெல்லாம் அவங்க காதுல வுழுந்துகீது.

"யாரைச் சொல்றீங்க பெரிம்மா? என்னியா?"

"தெரிஞ்சா சரி!"ன்னாங்க அத்தை.

"ஒரு பரங்கிக்காய்க்கு நான் செய்வினை வெப்பனா? அதுவும் சுதாவுக்கா? இந்த இடுப்புல தூக்கி வெச்சி சோறு ஊட்டுன புள்ளைக்கா?"

சொல்லும்போதே அவங்களுக்குக் கண்ணு கலங்கிடுச்சி. எனக்கு உள்ள சுருக்குன்னுச்சி. சும்மா கீற பொம்பளையை அழ வெச்சிட்டேனேன்னு கூனிக்குறுகி நின்னேன்.

"கற்பூரம் ஏத்துங்க பூசாரி!"ன்னாங்க கஸ்தூரி அக்கா. "அணைச்சி சத்தியம் பண்றேன். ஆனா உங்கூட்ல கீறவங்களும் ஒவ்வொருத்தரா பண்ணணும்!"

"பண்ணுவோம்டி! எங்கூட்ல பொய் சத்தியம் பண்றவங்க யாரும் இல்ல. மொதல்ல எம்மருமவ பண்ணுவா! வா தேவி!"

பூசாரி தட்டுல கற்பூரத்தை ஏத்திட்டாரு. எரியுற கற்பூரத்தைக் கையால தட்டி அணைச்சி, "இது எனக்குத் தெரியாது"ன்னு சொல்லணும். எங்க பக்கம் கோர்ட்டுல பொய் சொல்றவங்ககூட இதுல சொல்ல மாட்டாங்க. தட்டு என் மூஞ்சிக்கு நேரா வந்துடுச்சி. கை மேல போவ மாட்டேங்குது.

"அத்தை... அது என்னுது."



அத்தை மெதுவா ரெண்டு அடி பின்னாடி போனாங்க. "நீயா? நீயா வெச்ச? எம்பொண்ணுக்கா?"

"ஐயோ, செய்வினை இல்ல அத்தை! ஸ்வெட்டர்!"

"ஸ்வெட்டரா? யாருக்கு?"

என் கண்ணு தானா சுதா வயித்துப் பக்கம் போச்சி.

அத்தை அப்டியே தரையில உக்காந்துட்டாங்க. சுதா கை வயித்து மேல போச்சி. அந்த நிமிசம் எனக்கு நெஜமாவே பயம். செய்வினைன்னப்ப அப்டிக் கத்துன அத்தை, இப்ப கத்தவே இல்ல.

"பொறக்குறதுக்கு முன்னாடியே துணி பின்னிட்டியேம்மா"ன்னு மொள்ளமா சொன்னாங்க. "பூசாரி, தோஷம் ஆயிடுச்சா?"

பூசாரிக்கு மலையாளத்து வேலை கைய வுட்டுப்போன கடுப்பு. குச்சியைப் போட்டுட்டு ஸ்வெட்டரைக் கையிலயே எடுத்தாரு. திருப்பினாரு. தலைகீழா புடிச்சாரு.

"இது சட்டையாம்மா?"

"ஆமாங்க."

"தலை எதுல நொழையும்?"

வாங்கிப் பாத்தேன். ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்தேன். காலையில இருந்துச்சி. இப்ப எனக்கே கெடைக்கல.

"இதுவா கை?"ன்னாரு.

"அது கைதான்னு நெனைக்கிறேன்."

"இன்னொரு கை?"

"அது... இதுக்குள்ளயேதான் எங்கியோ கீது."

வேலி மேல சாஞ்சிக்கினு இருந்த கஸ்தூரி அக்கா, கண்ணைத் தொடைச்சிக்கினே கேட்டாங்க. "ஏம்மா தேவி, இது டீ கிளாஸ் புடிக்கிற துணியா?"

சுதா சிரிக்க ஆரம்பிச்சிட்டா. வயித்தைப் புடிச்சிக்கினு சிரிக்கிறா. "அண்ணி, போதும் அண்ணி, முடியல!"ன்றா. "மெதுவா சிரிடி, வலி எடுத்துடப் போவுது!"ன்னு அத்தை பதறுறாங்க. பதறிக்கினே அவங்களுக்கும் வாய் கோணுது.

பூசாரி தொண்டையைக் கனைச்சிக்கினு தீர்ப்பு சொன்னாரு. "பொறக்குறதுக்கு முன்னாடி துணி தைக்கக் கூடாதுன்னுதான் சாங்கியம். இது துணியே இல்ல. தோஷம் ஒன்னும் கெடையாது."

"அதான பாத்தேன்!"ன்னு அத்தை எழுந்து பொடவையைத் தட்டிக்கினாங்க. போன உசுரு திரும்பி வந்தது மூஞ்சில தெரிஞ்சிது. கஸ்தூரி அக்காவைப் பாத்து, "உள்ள வா கஸ்தூரி, நாஷ்டா துன்னுட்டுப் போ"ன்னாங்க. அவங்களும் வேலியைச் சுத்திக்கினு வந்து, இட்லி துன்னுக்கினே என் ஸ்வெட்டரை மடியில பரப்பி வெச்சி, ரெண்டு பேரும் ஒவ்வொரு ஓட்டையா காட்டிக் காட்டி சிரிச்சாங்க.

இப்பல்லாம் நான் ஒளிஞ்சி பின்றதில்ல. ஹால்ல ஃபேனுக்கு அடியில ராஜாத்தியாட்டம் உக்காந்து பின்றேன். அத்தை போட்டது ஒரே ஒரு கண்டிசன். தினமும் அவங்க வந்து பாப்பாங்க. ஸ்வெட்டர் மாதிரி தெரிய ஆரம்பிச்சா ஒடனே நிறுத்திடணும்.

இதுவரைக்கும் நிறுத்தச் சொல்லல.