பாப்பாரப்பட்டிப் பேருந்தைச் செபாஸ்டின் வென்ற படலம்

வாழ்க செபாஸ்டின்! சாக்பீசுத் தூள் படிந்த விரலோனும், தனக்குள்ள ஒரே கோட்டுச் சட்டையைத் துவைக்கப் போட்டுவிட்டு அது காயும்வரை வெளியே தலைகாட்டாதோனும், தருமபுரிக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் உரைக்கும் தற்காலிக விரிவுரையாளனும் ஆகிய அத்தோன்றலின் புகழைப் பாடப் புகுந்தேன். கேட்போர் கொட்டாவியை அடக்குக! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில், வெயில் மண்டையைப் பிளந்த ஒரு வெள்ளிக்கிழமை, கடைசி வகுப்பில் மூண்டது அப்பெரும்போர்.

பகைவன் யாரெனில், நாலு மணிக்குக் கல்லூரி மணி அடிக்குமுன்னே வாசலில் வந்து நின்று உறுமும் பாப்பாரப்பட்டிப் பேருந்து. அதை விட்டால் மறுநாள் காலைதான் வண்டி. செபாஸ்டினின் மாணாக்கர் அத்தனை பேரும் அவ்வூர்ப் பக்கத்துப் பிள்ளைகள். ஆரன் சத்தம் கேட்டதும் வாசல் வழி பாதியும் சன்னல் வழி மீதியுமாய் மறைந்துபோவார்கள். அன்று காலை முதல்வர் சொல்லிவிட்டார்: "இன்னைக்கும் மணிக்கு முன்னால கிளாஸ் காலியாச்சுன்னா, திங்கக்கெழம நீங்க வர வேணாங்க." போன தையில்தான் மொரப்பூரிலிருந்து ஞானமேரியைக் கட்டிக்கொண்டு வந்து குடித்தனம் வைத்தவன் அவன். வேலை போனால் அடுப்பு எரியாது.

வாளும் இல்லை, வேலும் இல்லை. கையில் இருந்தது அன்றைய பாடம் ஒன்றே: ஆங்கிலோ சாக்சானியரின் வீரப்பாடல்கள், ஓர் அறிமுகம். எடுத்தான், தொடுத்தான். பனி உறையும் வடபுலத்துக் கடற்கரையில் மரத்தால் எழுந்த நெடுங்கூடமும், அதன் நடுவே எரியும் கணப்பும், தேனைப் புளிக்கவைத்த மது கைமாறிக் கைமாறி வரும் கோப்பையும், யாழ் மீட்டிப் பழம்போர் பாடும் பாணனும், மோதிரத்தையும் கைவளையையும் அள்ளி அள்ளி வீரர்க்கு வழங்கும் தலைவனும் அந்த ஓட்டுக் கட்டடத்துக்குள் வந்து இறங்கினர். அடியிறுதி இயைபைத் தேடாமல் மோனையாலேயே அடி கட்டும் அப்புலவர் கடலைக் கடல் என்னாது 'திமிங்கிலப் பாதை' என்பர், உடம்பை 'எலும்பு வீடு' என்பர் என்றும் முழங்கினான்.

"ஏனுங்க சார், அந்த ஊர்ல மதுவிலக்கு இல்லீங்களா?" என்றான் கடைசி பெஞ்சுச் சவுரியப்பன்.

இல்லை என்றதும் வகுப்பு முழுதும் நிமிர்ந்து உட்கார்ந்தது. அடடா, என்ன கவனம்!

காற்று தன் பக்கம் வீசுவது கண்ட செபாஸ்டின் இறுதி அஸ்திரத்தை எடுத்தான். போருக்கு முன் கூடத்தில் எழுந்து, தந்தை பேரும் குலப்பெருமையும் சொல்லி, கோப்பையைப் பிடித்து வஞ்சினம் உரைப்பான் வீரன். உரைத்தபின் களத்தில் தலைவனை விட்டு ஓடினால் அவன் சுற்றமே தலைநிமிர முடியாது. நின்றவர்க்கோ தலைவன் தன் கூடத்திலேயே விருந்தும் படுக்கையும் தந்தாக வேண்டும் என்றான். இந்தக் கடைசி வரியை நீங்கள் மறவாதீர்கள், அவன் மறந்துவிட்டான். வகுப்பு மூலையில் இருந்த பானைத் தண்ணீரை டம்ளரில் மொண்டு நீட்டி, "எங்க, நீங்களும் சொல்லுங்க பார்ப்போம்!" என்றான்.

டம்ளரை வாங்கிய சவுரியப்பன் கர்ச்சித்தான்: "பாப்பாரப்பட்டி மரியசூசை மவன் சவுரியப்பன் நானு! கெணத்துல வுழுந்த எருமைய ஒத்த ஆளா மேல ஏத்துனவரு எங்கப்பன்! மணி அடிக்கற வரைக்கும் இந்த பெஞ்ச வுட்டு எந்திரிக்க மாட்டனுங்க!"

டம்ளர் சுற்றியது. அப்பன்மார் பெருமையெல்லாம் ஓட்டுக் கூரையைப் பிளந்தது.

அப்போது வந்தான் பகைவன்! புழுதிப் படலம் எழ, சக்கரம் கிறீச்சிட, படியில் தொங்கிய மாது என்னும் கண்டக்டர் அறைகூவினான்: "பாப்பாரப்பட்டி! பாப்பாரப்பட்டி! இத வுட்டா வண்டி கெடையாது!" ஆரன் ஒருமுறை அலறிற்று, மறுமுறை அலறிற்று. எலும்பு வீடுகள் நடுங்கின. சன்னலுக்கு அப்பால் முதல்வரின் வழுக்கை தெரிந்தது. முன் பெஞ்சுக்காரன் ஒருவன் மெல்லப் புட்டத்தைத் தூக்க, சவுரியப்பன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, "அப்பன் பேரச் சொன்னயில்ல? ஒக்காருடா!" என்றான்.

உட்கார்ந்தான். யாரும் எழவில்லை. பகைவன் புகை கக்கிப் புறமுதுகிட்டான்.

மணி அடித்தது. முதல்வர் தலையசைத்துப் போனார். செபாஸ்டினுக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம். "வென்றோம்! வீரர்களே, வென்றோம்!" என்று கூவினான்.

"ஆமாங்க சார்," என்றான் சவுரியப்பன், அசையாமல். "ஆனா பஸ்ஸு போயிடுச்சுங்க. நின்னவங்களுக்கு விருந்தும் படுக்கையும் தலைவரு வூட்லதான்னீங்க. ஒங்க வூடு எந்தப் பக்கமுங்க?"

அந்தி சாயும் வேளை, வாகை சூடிய தலைவன் தயங்கித் தயங்கி முன்செல்ல, வஞ்சினம் காத்த வீரர் கூட்டம் ஆர்ப்பரித்துப் பின்செல்ல, அரண்மனையென அவன் வாடகை கொடுக்கும் ஒற்றை அறையின் வாயிலில், களி கிண்டும் துடுப்பைச் செங்கோலென ஏந்தி நின்ற மொரப்பூர் தந்த பேரரசி ஞானமேரி, வந்த படையை ஒரு பார்வையும் கொண்டவனை ஒரு பார்வையும் பார்த்து, உள்ளே திரும்பிக் கேழ்வரகு மாவுப் பானையைக் கொதிக்கும் உலையில் முழுதாகக் கவிழ்த்தாள்.

கருவாட்டுக் குழம்பு பத்தவில்லை.