தைரியம்சொல்லி

ஒரு வீட்டில் யாருக்காவது பெரிய வியாதி என்று தெரிந்ததும், டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து வந்து சேர்வதற்கு முன்பே வந்து சேர்ந்துவிடுகிற மனிதர் ஒருவர் உண்டு. பார்த்திருப்பீர்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குரலை இரண்டு படி இறக்கிக்கொள்வார். நாற்காலியை நோயாளியின் முழங்காலில் இடிக்கிற அளவுக்கு இழுத்துப் போட்டு உட்கார்வார். பெருமூச்சு ஒன்று விட்டுவிட்டு, "ஒண்ணும் இல்ல, எல்லாம் சரியாயிடும்" என்பார். ஒன்றும் இல்லாத வீட்டுக்கு இவர் எதற்காக அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தார் என்று யாரும் கேட்பதில்லை. கதை சொல்கிறவரைக் கதைசொல்லி என்கிறோம் அல்லவா? இவர் தைரியம்சொல்லி.

இந்த இனத்துக்கு நல்ல மாதிரி வேண்டுமென்றால் வாத்தியாரை எடுத்துக்கொள்ளலாம். பள்ளிக்கூட வாத்தியார் என்று நினைத்துவிட வேண்டாம். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். ஸ்டியரிங்கைப் பிடித்து நடுங்குகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து "பயப்படாதீங்க, நான் இருக்கேன்" என்று சொல்வதே இருபத்தாறு வருஷமாக அவருக்குத் தொழில். பயிற்சிக் காரில் அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. ஆகவே அந்த வாக்கியத்துக்கு அங்கே அர்த்தமும் உண்டு. பழக்கதோஷம், மற்ற இடங்களிலும் அதையே சொல்லிவந்தார்.

அவருடைய உயிர்ச் சிநேகிதர் தையல்காரர். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்து, ஒரே வருஷம் ஃபெயிலானவர்கள். தையல்காரருக்குக் கழுத்தில், அளவு நாடா தொங்குகிற இடத்தில், கோலிக்குண்டு அளவு ஒரு கட்டி வந்தது. நாடா உரசுகிறது என்றுதான் முதலில் எரிச்சல்பட்டார். டெஸ்ட் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, நிணநீர்ச் சுரப்பியில் புற்றுநோய், மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு கீமோ போட வேண்டும், குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று நிதானமாகச் சொல்லி அனுப்பினார்.

அன்று சாயங்காலமே வாத்தியார் ஆஜர்.

"கேன்சரெல்லாம் இப்ப ஜலதோஷம் மாதிரிடா. எங்கிட்ட வண்டி கத்துக்கிட்டவரு ஒருத்தரு, இதே கழுத்து, இதே கட்டி. ஆறே மாசம், எழுந்து குதிரை மாதிரி நடந்தாரு!"

தையல்காரர் முகத்தில் லேசாக வெளிச்சம் வந்தது. "இப்ப எப்படி இருக்காரு?"

வாத்தியார் கொஞ்சம் யோசித்தார். "இப்ப... இல்ல. ஆனா அது ஹார்ட்டு. இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது."

தையல்காரரின் மனைவி காப்பி டம்ளரைச் சற்றுச் சத்தமாகவே வைத்தாள். "அண்ணா, காப்பி ஆறுது."

அதற்குப் பிறகு தைரியம் தவணை முறையில் வர ஆரம்பித்தது. காலையில் செல்போனில் சூரியன் உதிக்கிற படம். அதன் மேல் நம்பிக்கையைப் பற்றி ஒரு வாக்கியம். மத்தியானம், எங்கோ ஒருவர் பச்சைக் காரட்டை மட்டும் தின்றே பிழைத்த செய்தி. மறுநாள், காரட்டைத் தொடவே கூடாது என்று வேறு ஒருவர் சொன்ன செய்தி. முதல் கீமோ முடிந்து முடி உதிர்ந்தபோது, "நீ தனி ஆள் இல்லடா, நானும் மொட்டை அடிச்சுக்கறேன்" என்று அறிவித்தார். அடிப்பதற்கு அவர் தலையில் இருந்தது காதோரம் ஒரு கைப்பிடி. தையல்காரர் பெருந்தன்மையாக, "இருக்கறத வச்சுக்கோடா" என்றார்.

தையல்காரர் இளைத்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு கீமோவுக்கும் ஒரு வாரம் கழித்து மெஷின் முன்னால் உட்கார்ந்து, தன் சட்டைகளின் இரு பக்கத்திலும் அரை அங்குலம் பிடித்துத் தைப்பார். கத்தரித்து எறிய மாட்டார். பின்னால் பிரித்து விட வேண்டியிருக்கும் என்று துணியை உள்ளே மடித்து விட்டிருந்தார். அப்படித் தைத்துக்கொண்டிருந்தபோது உள்ளே நுழைந்த வாத்தியார், "சும்மா சொல்லக் கூடாது, பத்து வயசு குறைஞ்சிட்ட!" என்றார். தையல்காரர் பாதத்தை எடுத்தார். மெஷின் நின்றது.

வாத்தியாருக்குப் புரியாமல் இல்லை. பேச்சை நிறுத்தினால் என்ன கண்ணில் படும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும்: ஊசியில் நூல் கோக்க மூன்று தடவை முயல்கிற அந்தக் கை. அதனால்தான் நிறுத்தவில்லை.

மூன்றாவது கீமோ அன்று காலை, பயிற்சிக் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். வாத்தியார் ஓட்டினார். தையல்காரர் பக்கத்தில், அதாவது வாத்தியாருடைய வழக்கமான இடத்தில். தெருமுனை தாண்டும்போது மனோதைரியம், சிக்னலில் காரட், பாலத்தில் ஏறும்போது, "பாதி வியாதி மனசுலதான்டா இருக்கு. நீ மட்டும் சிரிச்ச முகமா இருந்தா..."

கார் குலுங்கி நின்றது. வாத்தியாரின் நெற்றி ஸ்டியரிங்குக்கு இரண்டு அங்குலம் வரை போய்த் திரும்பியது. குனிந்து பார்த்தார். தையல்காரரின் கால் அந்தத் தனி பிரேக்கின் மேல் இருந்தது.

"நீ வாயை மூடறியா, நான் இறங்கட்டுமா?"

பின்னால் ஹாரன்கள் அலறின. வாத்தியார் பேசாமல் பாலத்தைக் கடந்து, ஒரு கண்ணாடிக் கடை ஓரமாகக் காரை நிறுத்தினார்.

"நான் இன்னிக்கு வரல. திருப்பு" என்றார் தையல்காரர்.

"என்னடா சொல்ற?"

"பயமா இருக்குடா. அந்த ஊசி உள்ள போனா நாலு நாள் நான் மனுஷனாவே இல்ல. வீட்ல சொன்னா அவ அழுவா. உன்கிட்ட சொல்லலாம்னு ரெண்டு மாசமா பாக்கறேன். நீ எங்க விடற? நான் வாயத் திறக்கறதுக்குள்ள ஒண்ணும் இல்லங்கற."

வாத்தியாரிடம் இருபத்தாறு வருஷக் கையிருப்பு இருந்தது. தேடிப் பார்த்தார். இதற்கு ஏற்ற வாக்கியம் ஒன்றுகூட அகப்படவில்லை.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றார் கடைசியில்.

தையல்காரர் திரும்பி அவரைப் பார்த்தார். "உனக்கென்ன வந்துச்சு?"

"நீ இல்லேன்னா நான் யாருகிட்டடா பேசுவேன்?"

"அதுவும் சரிதான். வேற எவன் கேப்பான்?"

இருவரும் சிரித்தார்களா அழுதார்களா என்று, கடைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்ணுக்குத் தெரியவில்லை. துடைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். இருபது நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பிறகு தையல்காரர் வாட்சைப் பார்த்து, "எடு வண்டிய, லேட்டாகுது" என்றார்.

மிச்ச நாலு கீமோவுக்கும் வாத்தியார்தான் ஓட்டினார். தையல்காரர் வாந்தி எடுக்கும்போது பையைப் பிடித்தார். தூங்கும்போது சும்மா உட்கார்ந்திருந்தார். சும்மா உட்கார்வது கீமோவை விடக் கடினம் என்று தையல்காரரின் மனைவியிடம் சொன்னதாகக் கேள்வி. ஆறும் முடிந்து ஸ்கேன் எடுத்தபோது, இப்போதைக்கு எதுவும் தெரியவில்லை, மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார் டாக்டரம்மா. தையல்காரர் ரிப்போர்ட்டை இரண்டாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். வாத்தியாரைக் காணோம். வராந்தாவின் கோடியில், அன்றுதான் புதிதாக வந்த ஒரு பெரியவரின் முழங்காலில் இடிக்கிற மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "பயப்படாதீங்க, ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இதைப் படிக்கும்போது உங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவரின் முகம் வந்துபோயிருக்கும். சரி, போன மாதம் காலையில் சூரியன் படம் அனுப்பியது யார்? "அட, நான் அந்த ரகம் இல்லை, படுத்திருக்கிற மனுஷரை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும், கொஞ்சம் தேறட்டும் என்று இன்னும் போகாமலேதான் இருக்கிறேன்" என்கிறீர்களா?

வாத்தியாராவது போனார்.