மூத்த மாப்பிள்ளை இழுத்த ஜீப்

வெளிநாட்டில் எட்டு வருடம் இருந்துவிட்டு வந்தவனிடம் யாரும் யோசனை கேட்கக்கூடாது. கேட்காவிட்டாலும் அவன் சொல்லுவான் என்பது வேறு விஷயம். நான் சொன்னதோடு நிற்காமல் செய்தும் காட்டினேன்.

வலங்கைமானில் மச்சினியின் கல்யாணம். முதல்நாள் மாலை ஐந்து மணிக்கு மாப்பிள்ளை அழைப்பு. மாமனாரின் பழைய திறந்த ஜீப்பில்தான் மாப்பிள்ளை ஊர்வலம் வரவேண்டும். மாமனார் மாப்பிள்ளையாக வந்தது அதில்தான், நான் வந்ததும் அதில்தான். ஆனால் அது இப்போது நாலு தெரு ஓடினாலே மூச்சு வாங்கும். பட்டுக்கோட்டையிலிருந்து வலங்கைமான் வரை எப்படிப் போகும்?

"லாரில ஏத்திடலாங்க மாப்ள," என்றார் மாமனார்.

"எதுக்கு மாமா? ஆஸ்திரேலியாவுல எழுபது வயசு அம்மா கூட கார்ல படகைக் கட்டி இழுத்துட்டுப் போவாங்க!"

என் எஸ்யூவிக்குத் தஞ்சாவூர்ப் பட்டறையில் கொக்கி பொருத்தி, டிரெய்லரும் வாடகைக்கு எடுத்தேன். கல்யாணத்துக்கு முதல்நாள் காலை ஜீப்பை அதில் ஏற்றிச் சங்கிலி போட்டுவிட்டு, வாசலில் நின்ற பன்னிரண்டு பேருக்குப் பாடம் நடத்தினேன். பாரம் முன்பக்கம் இருக்கவேண்டும். டிரெய்லர் ஆடினால் பிரேக்கை மிதிக்கக்கூடாது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடிக்கவேண்டும். (அந்தப் பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் டிராக்டரில் நெல் மூட்டை இழுப்பவர்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. மூத்த மாப்பிள்ளை ஆயிற்றே!)

பிறகு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனேன். அங்கேதான் வினை. எங்கள் மாமியார் வீட்டில் கல்யாணத்துக்குப் போகிற வண்டியை வெறுமனே அனுப்புகிற வழக்கம் கிடையாது. திரும்பி வந்து பார்த்தால், ஜீப்பின் பின்பக்கம் ஆறு சாக்குத் தேங்காய். டிரெய்லரின் வாலில் குலையோடு இரண்டு வாழைமரம்.

"அத்தை, பின்னாடி பாரம்..."

"எடம் சும்மாதானே கெடந்துச்சு? நல்ல காரியத்துக்குப் போறப்ப எறக்கச் சொல்லாதீங்க மாப்ள."

பக்கத்துச் சீட்டில் ஏறிய என் மனைவி சுமதி, "பாரம் முன்னாடி இருக்கணும்னு நீங்கதானே காலைல சொன்னீங்க?" என்றாள்.

"கொஞ்சம்தானே," என்றேன். மாமியாரிடம் பேசுகிற தைரியம் எனக்கு இன்றைக்கும் இல்லை.

நீடாமங்கலம் தாண்டி அறுபதைத் தொட்டேன். கண்ணாடியில் ஜீப் ஒருமுறை இடது பக்கம் எட்டிப் பார்த்தது, பிறகு வலது பக்கம்.

"ஆடுதுங்க."

"ஆடத்தான் செய்யும்."

அடுத்த நிமிடம் நாங்களும் ஆடினோம். காலையில் எதைச் செய்யக்கூடாது என்று சொன்னேனோ அதை இரண்டு காலாலும் செய்தேன். கார் சாலைக்குக் குறுக்கே நின்றது. ஜீப்போடு டிரெய்லர், சம்பா நடவுக்கு உழுது வைத்திருந்த சேற்றில் அச்சு வரை இறங்கியது. எங்களுக்கு ஒரு கீறல் இல்லை. ஒரு சாக்கு மட்டும் வாய்க்காலில் பிரிந்து, தேங்காய்கள் வந்த வழியே மிதந்து போயின. மணி மூன்று. மாமனாரின் முகம் நினைவுக்கு வந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த வயலுக்குச் சொந்தக்காரரான ராஜாத்தி அக்கா, பக்கத்து வயலில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவர், இறங்கி வந்து ஒரே பார்வை பார்த்தார்.

"பின்பாரமா ஏத்துனீங்களா தம்பி?"

"ஆமாங்கக்கா."

"அதான்."

டிராக்டரில் சங்கிலி போட்டு எல்லாவற்றையும் சாலைக்கு இழுத்தார். மிச்சச் சாக்குகளையும் வாழைமரங்களையும் எஸ்யூவிக்கு மாற்றச் சொன்னார். பிறகு கையை நீட்டி, "சாவியக் குடுங்க," என்றார்.

கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்க வலங்கைமான் போய்ச் சேர்ந்தோம். மண்டபத்துச் சந்துக்குள் டிரெய்லரை ஒரே தடவையில் ரிவர்ஸ் எடுத்து ராஜாத்தி அக்கா நிறுத்த, ஊரே பார்த்தது. மாப்பிள்ளைக்கு வைத்திருந்த மாலைகளில் ஒன்றை மாமனார் அவருக்குப் போட்டார். பின்கதவைத் திறந்ததும் சாக்குகளுக்கு நடுவிலிருந்து, இடுப்பு வரை சேறும் மடியில் வாழைக்குலையுமாக நான் இறங்கினேன். கல்யாண ஆல்பத்தின் முதல் படம் அதுதான். மாப்பிள்ளை இரண்டாவது படத்தில்தான் வருகிறார்.

மச்சினியின் மகளுக்கு நான் 'தேங்காய்ப் பெரியப்பா'. சொந்தப் பெயர் ஒன்று எனக்கு இருப்பது அவளுக்குத் தெரியாது.

போன மாதம் மச்சானுக்கும் கல்யாணம் நிச்சயமானது. மாமனார் முதல் போனை ராஜாத்தி அக்காவுக்குப் போட்டார், ஜீப்பைக் கொண்டுவர. இரண்டாவது எனக்கு.

"மாப்ள, நீங்க எதுக்கும் அலைய வேணாம். போன தடவை மாதிரியே பின்னாடி, சாக்கோட வந்துடுங்க."